இரண்டு பேச்சிலும் ஒரே தாய்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். வயது 19. நடிப்புப் பட்டப்படிப்புக்காக இந்த முறை நான்கு நாடகப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரு கிளாசிக்கல் மோனோலாக் (மேடையில் ஒருவரே தொடர்ந்து பேசும் பேச்சு), ஒரு சமகால மோனோலாக் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டதாக இருக்க வேண்டுமாம். ஷேக்ஸ்பியரின் 'கிங் ஜான்' நாடகத்தில் கான்ஸ்டன்ஸ் பேசுவதையும், அனுபமா சந்திரசேகரின் 'ஃப்ரீ அவுட்கோயிங்' நாடகத்தில் மாலினி பேசுவதையும் எடுத்திருக்கிறேன். ஒன்று நானூறு வருடத்துச் செய்யுள், மற்றது இன்றைய சென்னைப் பேச்சு. ஆனால் என் ஆசிரியை "இதில் மாறுபாடே இல்லை" என்கிறார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கான்ஸ்டன்ஸை நான் எடுத்ததற்குக் காரணம் என் பெரியம்மா. அவருடைய மகன் 2009இல் காணாமல் போனவர். வீட்டில் நான் கல்யாண வீட்டு மாமாமாரைப் போல நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். அதெல்லாம் ஆடிஷனுக்குச் சரிவராதுதானே? ஷேக்ஸ்பியரை நல்ல ஆக்ஸ்ஃபர்ட் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று அம்மா சொல்கிறார். அதுவும் உண்மையா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பெரியம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரிக்காக இன்னொரு தடவையும் வாசித்தேன். அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் ஆசிரியை சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் அவர் சொன்னது சரி.

கான்ஸ்டன்ஸ் யார்? ஆர்தர் என்ற சிறுவனின் தாய். மகன் எதிரியிடம் பிடிபட்டுவிட்டான். அவள் பேசும்போது அவன் மேடையில் இல்லை. மாலினி யார்? தீபா என்ற பதின்வயதுப் பெண்ணின் தாய். பள்ளியில் எடுத்த வீடியோ ஒன்று கைபேசிகள் வழியே ஊரெல்லாம் பரவ, அந்தக் குடும்பம் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகிறது. தீபா அந்த நாடகம் முழுவதும் ஒரு தடவைகூட மேடைக்கு வருவதில்லை. ஆக, இரண்டு பேச்சிலும் தேர்வுக் குழுவின் முன் நிற்பது ஒரே படம்தான்: கண்முன் இல்லாத பிள்ளைக்காக, தன்னைச் சுற்றி நிற்பவர்களோடு மல்லுக்கு நிற்கும் தாய். ஒன்று 1590களில் எழுதப்பட்டது, மற்றது 2007இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. நடுவில் நானூறு ஆண்டு இடைவெளி. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டிலும் ஒரே பெண்தான் தெரிவாள், உடுப்பு மட்டும் மாறியிருக்கும்.

மாறுபாடு என்று அவர்கள் கேட்பது நாடகம் எழுதப்பட்ட வருடத்தை அல்ல. செய்யுளும் உரைநடையும் தாமாகவே வேறுபட்டவை. அதற்கு நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. இந்தப் பெண் எதிரில் இருப்பவரிடமிருந்து எதைப் பெறப் பார்க்கிறாள், அதற்காக என்ன செய்கிறாள் என்பதில்தான் மாறுபாட்டைத் தேடுவார்கள். ஒருத்தி கெஞ்சினால் மற்றவள் கேலி செய்யட்டும். ஒருத்தி மறைத்தால் மற்றவள் போட்டு உடைக்கட்டும். ஒருத்தி தன் நிலத்தில் ஊன்றி நின்றால் மற்றவள் ஒரு இடத்தில் நிற்கமுடியாமல் தவிக்கட்டும். சோகம், கோபம், மகிழ்ச்சி என்று உணர்ச்சியின் பெயரை எழுதி வைத்துத் தேர்வு செய்யும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன். என் முதல் ஆடிஷனில் ஒரு பேச்சு 'கோபம்', மற்றது 'சோகம்'. ஆனால் இரண்டிலும் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அறையின் நடுவே நின்று உணர்ந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். இரண்டாவது சுற்றுக்கு என்னை அழைக்கவில்லை. அந்தக் காரணம் எனக்குப் புரிய மூன்று வருடம் பிடித்தது. உங்களுக்கு அது இந்த வாரமே புரியட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அப்படியென்றால் எதை விடுவது? என் தீர்ப்பு: கான்ஸ்டன்ஸை வைத்துக்கொள்ளுங்கள், மாலினியை விடுங்கள்.

வயதுதான் முதல் காரணம். சமகால நாடகத்தைப் பார்க்கும் கண் வேறு. பதின்வயது மகளின் தாயாக 19 வயதுப் பெண் நின்றால், நீங்கள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் பார்ப்பவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். சமகாலப் பாத்திரம் உங்கள் வயதுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். செய்யுள் நாடகத்தில் அந்தக் கணக்கு கொஞ்சம் தளரும். இங்கிலாந்தின் பொது அரங்குகளில் 1660 வரை பெண்கள் நடிக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் பெண்களையெல்லாம் முதலில் நடித்தவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பையன்கள். கான்ஸ்டன்ஸாக முதலில் நின்றவனும் உங்களைவிட இளையவனாகத்தான் இருந்திருப்பான். ஆனாலும் இது பொது விதி அல்ல. உங்களுக்குக் கான்ஸ்டன்ஸோடு ஒரு உறவு இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். காரணமே இல்லாமல் 19 வயதில் லேடி மக்பெத்தோ கிளியோபாட்ராவோ எடுக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லமாட்டேன்.

மாலினியை விடச் சொன்னதற்காக அந்த நாடகத்தையே மூடி வைத்துவிடாதீர்கள். சென்னையில் வாழும் ஒரு பெண் எழுதியது. அதை இயக்கிய இந்து ருபசிங்கம் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு ஷெஃபீல்டில் பிறந்தவர். இன்று நேஷனல் தியேட்டரின் இயக்குநர். நம் வீட்டுப் பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போகலாமா என்று யாராவது உங்கள் வீட்டில் கேட்டால், அந்தப் பெயரைச் சொல்லுங்கள். மாலினி உங்களுக்காகக் காத்திருப்பாள். முப்பத்தெட்டு வயதில் அவளை எடுங்கள்.

இனி கான்ஸ்டன்ஸ். நீங்கள் அவளை அழுது பேசுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலோர் அப்படித்தான் பேசுகிறார்கள். புத்தகத்தை எடுத்து, அவளுக்கு முன்னால் பேசுபவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். கார்டினல் பாண்டல்ஃப், திருச்சபையின் பெரிய அதிகாரி, சொல்கிறார்: அம்மா, நீங்கள் பேசுவது துக்கம் இல்லை, பைத்தியம். அதற்குத்தான் அவள் பதில் சொல்கிறாள். எப்படிச் சொல்கிறாள்? ஒரு வழக்கறிஞரைப் போல. எனக்குப் பைத்தியம் இல்லை. நான் பிய்க்கும் இந்த முடி என்னுடையது. என் பெயர் கான்ஸ்டன்ஸ். நான் ஜெஃப்ரியின் மனைவியாக இருந்தவள். ஆர்தர் என் மகன், அவனைக் காணோம். பெயர், உறவு, நடந்தது. சாட்சிக் கூண்டில் நிற்பவள் போல ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். பைத்தியமாக இருந்தால் மறந்திருப்பேனே, மறக்கவில்லையே, அதனால் எனக்குப் பைத்தியம் இல்லை என்று தர்க்கம் செய்கிறாள். "எனக்குப் பைத்தியம் இல்லை" என்று அந்த 17 வரிக்குள் மூன்று தடவை வருகிறது. மூன்றும் ஒரே மாதிரி வரக்கூடாது. முதலாவது மறுப்பு, இரண்டாவது ஏக்கம், மூன்றாவது தீர்ப்பு என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு வேறு மாதிரிப் படலாம்.

அந்த இரண்டாம் வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஐ ஆம் நாட் மேட்: திஸ் ஹேர் ஐ டேர் இஸ் மைன். பத்துச் சொல், பத்தும் ஓரசைச் சொல். மெதுவாக, தட்டித் தட்டி வைத்தால்தான் வாயில் நிற்கும். கத்தினால் 'ஹேர்', 'டேர்' இரண்டும் கரைந்துபோகும். நடிகைக்கு ஷேக்ஸ்பியர் எழுதி வைத்த குறிப்பு இப்படித்தான் வரிக்குள்ளேயே இருக்கும். நீங்கள் தமிழ்ப் பள்ளியில் யாப்பு படித்திருந்தால் இது இன்னும் எளிது. ஐந்து சீர் வந்தால் நாம் அதை நெடிலடி என்போம். ஷேக்ஸ்பியரின் வரியும் ஐந்து சீர்தான், சீருக்கு இரண்டு அசை. வித்தியாசம் என்னவென்றால் நாம் குறில், நெடில், ஒற்று பார்த்து அசை பிரிக்கிறோம். அங்கே மெலிவாக ஒன்று, அழுத்தமாக ஒன்று. கையால் மேசையில் தட்டிக்கொண்டே ஒரு நாள் முழுக்கச் சொல்லுங்கள். அப்புறம் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பொருளுக்காகப் பேசுங்கள். தாளம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே கேட்காது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு பகுதி வரும். பிரான்ஸ் மன்னன் அவளிடம், உன் பிள்ளையை நேசிப்பதைப் போலவே உன் துக்கத்தையும் நேசிக்கிறாய் என்கிறான். எவ்வளவு குரூரமான வார்த்தை! அவள் பதிலில் துக்கம் ஒரு ஆளாகவே மாறிவிடுகிறது: இல்லாத பிள்ளையின் அறையை நிரப்புகிறது, அவன் கட்டிலில் படுக்கிறது, என்னோடு மேலும் கீழும் நடக்கிறது, அவன் முகத்தை அணிகிறது, அவன் சொற்களைத் திருப்பிச் சொல்கிறது, அவன் குணங்களை நினைவூட்டுகிறது, அவன் வெறும் உடுப்புக்குள் புகுந்து உருவம் கொடுக்கிறது. ஏழு வினைச்சொல். அதை அடுத்து வரும் வரி: அப்படியானால் துக்கத்தின்மேல் எனக்குப் பிரியம் இருப்பது நியாயம்தானே? ஏழு சான்றை அடுக்கிவிட்டு அந்தக் கேள்வியை மன்னனிடமே திருப்பிவிடுகிறாள். அங்கே நீங்கள் அழுதுகொண்டிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கேள்வி போய் அவன்மேல் விழவேண்டும். பிறகு கடைசி மூன்று வரியில், என் பையன், என் ஆர்தர் என்று வரும்போது அவளுடைய தர்க்கம் தானாக உடையும். அதுவரை காப்பாற்றி வைத்தால்தான் உடைவதற்கு ஏதாவது இருக்கும்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. முதல் பகுதி 17 வரி, இந்தப் பகுதி 13. நடுவில் மற்றவர்கள் பேசுவதை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்தால் 30 வரி. மூன்று நிமிடம் தரும் பள்ளிக்கு அது சரி. இரண்டு நிமிடம் என்று கேட்கும் பள்ளிக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். நேரம் தாண்டினால் நடுவில் நிறுத்திவிடுவார்கள். அது உங்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல என்றாலும் மனம் கலங்கும். ஒவ்வொரு பள்ளியின் விதியையும் தனித்தனியாக வாசியுங்கள். 'கிளாசிக்கல்' என்றால் சில இடங்களில் ஷேக்ஸ்பியரும் அவர் காலத்தவரும் மட்டும்தான். கிரேக்க நாடகத்தின் மொழிபெயர்ப்பையோ ரஷ்ய நாடகாசிரியர் செக்கோவையோ அங்கே ஏற்கமாட்டார்கள்.

இப்போது பெரியம்மா.

காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரியில் இலங்கையின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தை நீங்கள் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். தெருவோரக் கொட்டகையில் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தத் தாய்மார், யாராவது வந்து கேட்டால் என்ன சொன்னார்கள்? மகனின் பெயர், வயது, எந்த நாளில், எந்த இடத்தில், யாரிடம் கையளித்தோம் என்று சொன்னார்கள். பல தடவை சொல்லிச் சொல்லி உரமேறிய குரலில் சொன்னார்கள். நம்பாத ஒருவரை நம்ப வைக்கும் வேலை அது. கான்ஸ்டன்ஸ் செய்வதும் அதே வேலைதான். உங்கள் ஆசிரியைக்கு இந்த உறவு தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும். அந்த அறைக்குள் நீங்கள் கொண்டுபோகக்கூடிய, வேறு யாரிடமும் இல்லாத பொருள் அது.

ஆனால் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். பெரியம்மாவிடம் போய் அவர் எப்படி அழுகிறார் என்று பார்த்துக் குறிப்பு எடுக்கவேண்டாம். ஒத்திகை ஒவ்வொன்றிலும் அவர் முகத்தை நினைத்துக் கண்ணீரை வரவழைக்கவும் வேண்டாம். அது அவருக்கும் நியாயம் இல்லை, உங்களையும் சீக்கிரம் களைக்க வைத்துவிடும். பத்தாவது தடவை கண்ணீர் வராது. அப்போது உங்கள்மேலேயே உங்களுக்கு வெறுப்பு வரும். கார்டினலை நினையுங்கள். நாற்காலி ஒன்றை எதிரே போட்டு அவரை அதில் உட்கார வையுங்கள். அவரை நம்ப வைக்கும் வேலையைச் செய்யுங்கள். வேலையைச் செய்தால் உணர்ச்சி வரும். ஒருநாள் வராவிட்டாலும் பேச்சு நிற்கும்.

சரி, சமகாலப் பேச்சுக்கு வருவோம். "அதெல்லாம் ஆடிஷனுக்குச் சரிவராதுதானே" என்று நீங்கள் கேட்டீர்களே, கல்யாண வீட்டு மாமாமாரைப் போலச் செய்து காட்டுவதைப் பற்றி? உங்கள் இரண்டாவது பேச்சு அங்கேதான் இருக்கிறது. ஒரு ஆளைக் கண்ணால் பிடித்து, அவருடைய நடையையும் இழுவையையும் கொண்டுவந்து, சரியான இடத்தில் நிறுத்திச் சபையைச் சிரிக்க வைப்பது சாதாரணத் திறமை இல்லை. நேரக்கணக்கு, கவனிப்பு, துணிச்சல் மூன்றும் அதில் இருக்கின்றன. தேர்வுக் குழு நாள் முழுக்க அழுகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர்கள் முன்னால் ஒரு பெண் வந்து உண்மையாகச் சிரிக்க வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் கான்ஸ்டன்ஸாக நின்றால், அதுதான் மாறுபாடு.

எந்த நாடகம்? நான் பேச்சைத் தெரிவு செய்து கையில் தரமாட்டேன், தேடும் வேலை உங்களுடையது. ஒரு திசை மட்டும் காட்டுகிறேன். இவான் பிளேசியின் 'கேர்ள்ஸ் லைக் தட்' என்று 2013இல் வந்த நாடகம் இருக்கிறது. பள்ளி மாணவி ஒருத்தியின் படம் கைபேசி கைபேசியாகப் பரவுகிறது. மாலினியின் வீட்டுக்கு நேர்ந்த அதே விபரீதம். ஆனால் இங்கே பேசுபவர்கள் அந்தப் படத்தைப் பார்த்த, சிரித்த, அனுப்பிய வகுப்புத் தோழிகள். உங்கள் வயதுக்குப் பக்கம். வேடிக்கையாக, வேகமாக, கொடுமையாகப் பேசுவார்கள். உங்களை மாலினியிடம் இழுத்த விஷயம் இதிலும் இருக்கிறது. நிற்கும் பக்கம் மட்டும் நேர் எதிர். கூட்டமாகப் பேசும் நாடகம் என்பதால், துண்டுகளை ஒட்டாமல், ஒருவரே தொடர்ந்து பேசும் இடமாகப் பார்த்து எடுங்கள். அது பிடிக்காவிட்டால் சவுத்பேங்கில் நேஷனல் தியேட்டரின் புத்தகக் கடைக்குப் போய் ஒரு பிற்பகல் முழுக்க நின்று வாசியுங்கள். உங்களைச் சிரிக்க வைக்கும் பக்கத்தில் நிறுத்துங்கள். முழு நாடகத்தையும் வாசிக்காமல் எதையும் மனப்பாடம் செய்யவேண்டாம். இணையத்தில் தனியாகக் கிடக்கும், எந்த நாடகத்திலும் இல்லாத மோனோலாக்கும் வேண்டாம், சினிமா வசனமும் வேண்டாம். அச்சில் வந்த நாடகம்தான் அனேகமாக எல்லாப் பள்ளிக்கும் தேவை.

கையிருப்பாக மூன்றாவது ஒன்றும் வைத்திருங்கள், சில பள்ளிகள் கேட்கும். அதற்கு 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஃபீபியைப் பாருங்கள், மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சி. ஆடு மேய்க்கும் பெண். இப்போதுதான் ஒரு இளைஞன் தன்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறான், அவன்மேல் மனம் போய்விட்டது. அதை, தன்னையே சுற்றிச் சுற்றி வரும் சில்வியஸிடம் மறைக்கிறாள். அவன் அப்படியொன்றும் உயரம் இல்லை. இருந்தாலும் அந்த வயதுக்கு உயரம்தான். கால் சுமார்தான், இருந்தாலும் பரவாயில்லை. இந்த 'இருந்தாலும்', 'ஆனால்' ஆங்கிலத்தில் எத்தனை 'யெட்', எத்தனை 'பட்' என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் அவள் ஒரு பொய்யை விழுங்குகிறாள். கடைசியில், அவனுக்குக் கடுமையாகக் கடிதம் எழுதப்போகிறேன், நீதான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று சில்வியஸையே தபால்காரன் ஆக்கிவிடுகிறாள். மாமாமாரைப் பிடிக்கும் உங்கள் கண்ணுக்கு இவள் விருந்து.

அம்மா சொன்ன ஆக்ஸ்ஃபர்ட் இங்கிலீஷ்: வேண்டாம். உங்கள் சொந்தக் குரலில், ஹாரோவில் வளர்ந்த பிள்ளை பேசும் உச்சரிப்பில் பேசுங்கள். மெய்யெழுத்துகள் தெளிவாக விழவேண்டும், வரியின் கடைசிச் சொல் காற்றில் போகக்கூடாது, அவ்வளவுதான். அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. அவர் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் உச்சரிப்புக்காக மனிதரை அளந்திருப்பார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலை குளோப் அரங்குக்குப் போங்கள். நின்று பார்க்கும் டிக்கெட் மலிவு. மேடையில் எத்தனை ஊர்க் குரல்கள் கேட்கின்றன என்று அவரே கேட்கட்டும்.

முதல் சுற்று வீடியோவாக இருந்தால் கான்ஸ்டன்ஸின் கார்டினலைக் கேமராவுக்கு ஒரு கை அகலம் பக்கத்தில் வையுங்கள், கேமராவுக்குள் பார்க்கவேண்டாம். நேரில் என்றால் குழுவினரின் தலைக்குச் சற்று மேலே. அவர்களை நேராகப் பார்த்துப் பேசினால் அவர்களும் நடிக்கவேண்டிய கட்டாயம் வந்துவிடும். அசைவுகளை இறுக்கிப் பழகாதீர்கள். "இதையே ஒரு ரகசியம் போலச் சொல்லுங்கள்" என்று திடீரென்று கேட்பார்கள். நீங்கள் பிழைவிட்டதால் கேட்பது இல்லை, உங்களோடு வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறார்கள். சந்தோஷமாக மாற்றிச் செய்யுங்கள்.

வரிசையைத் தெரிவு செய்ய விட்டால் சிரிப்பை முதலில் செய்யுங்கள். முடிந்ததும் ஒரு மூச்சு எடுத்து, உங்கள் சாதாரணக் குரலில் "அடுத்தது கிங் ஜான், கான்ஸ்டன்ஸ்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தையும் ஒத்திகை பாருங்கள், ஏனென்றால் அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் அவர்கள் உங்களைப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான்.

அன்புடன்,
அக்கா